என் பட்டறையை நானே சோதனையிட்டது

1

தருமபுரி மாவட்டத்தில் பட்டறையோ ஆலையோ வைத்திருந்தவர்களில் சிலருக்கு என் முகம் மறந்திருக்கும், கையெழுத்து மறந்திருக்காது. தொழிற்கூடங்களுக்குள் போய்த் தூசி, சத்தம், வெப்பம் மூன்றையும் அளந்து, அளவு மீறியிருந்தால் நோட்டீஸ் கொடுப்பது முப்பத்தோரு வருஷம் என் உத்தியோகமாக இருந்தது. நோட்டீசைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சிலர் நான் ஜீப்பில் ஏறும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் தேன்மொழி என்னைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டாள். கால்கரியில் வந்து இறங்கிப் போன மாதத்தோடு நாலு வருஷம். ஆண்டு நிறைவுக்கு வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு நோட்டீஸ்.

இங்கே ஒவ்வொரு வீட்டின் அடித்தளத்திலும் ஒரு பெரிய சூடேற்றும் இயந்திரம் இருக்கிறது. வீட்டுக் காற்றையெல்லாம் இழுத்துச் சூடாக்கித் திருப்பி அனுப்பும். நடுவில் அட்டைச் சட்டத்துக்குள் ஒரு வடிகட்டி. மூன்று மாதம் தாங்க வேண்டிய அந்த வடிகட்டி மூன்றே வாரத்தில் கேழ்வரகு மாவு சலித்த துணி மாதிரி ஆகியிருந்தது. மாப்பிள்ளை பிரகாஷ் அதைக் கழற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ஓசூர்க்காரர். கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவார்.

"தப்பா நினைக்காதீங்க மாமா. ஃபில்டர் கொஞ்சம் டல்லா இருக்குது."

தேன்மொழிக்கு அந்தப் பழக்கம் இல்லை. "இனியாவுக்கு ஒரு மாசமா மூச்சு இழுக்குதுப்பா. வீட்டுல தூசி ஏதாச்சும் உண்டான்னு டாக்டர் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்றது? எங்கப்பா தூசி இன்ஸ்பெக்டரா இருந்தவரு, இப்ப அவரே தயாரிக்கிறாருன்னா?"

இனியா என் பேத்தி. ஒன்பது வயது. தூசி தயாராகும் இடம் கராஜில் நான் வைத்திருக்கும் மரவேலைப் பட்டறை. சமையலறையிலிருந்து ஒரு கதவைத் திறந்தால் பட்டறை.

"ரெண்டு வாரம் டைம்" என்றாள். "தூசி வெளிய வரலைன்னு காட்டுங்க. காட்ட முடியலைன்னா மெஷினையெல்லாம் வித்துடலாம்."

இரண்டு வாரம் என்பது முறைப்படி போதாத அவகாசம். நோட்டீஸ் எழுத்து மூலமாகவும் இல்லை. இரண்டையும் சுட்டிக்காட்டினேன். "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்தத் தொனியை அவள் தன் அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

2

பட்டறை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் இங்கே நான் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தேன். பனிக்கு உரிமம் தேவையில்லை, பதிவேடு கிடையாது, அதனிடம் குறை காண ஒன்றுமில்லை. இரண்டாம் வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் ஊர் மாறிப் போகும்போது தன் அறுப்பு மெஷினை எங்களிடம் தள்ளிவிட்டுப் போனார். தச்சுப் பட்டறைகளை அத்தனை வருஷம் சோதனையிட்டவன் என்ற முறையில் எனக்கு மரவேலை தெரியும் என்று நம்பினேன். நான் செய்த முதல் முக்காலிக்கு நாலு கால். அதில் மூன்று தரையைத் தொட்டதால் முக்காலி என்று பெயர் வைத்தேன்.

மெஷினுக்குத் தனி மின் இணைப்பு வேண்டும், அதற்கு நகராட்சி அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பில் ரத்தம் ஓடிய மாதிரி இருந்தது. படம் வரைந்து, இணைப்புகளுக்கு எண் போட்டு, "தாழ்மையுடன் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று நம் அலுவலக ஆங்கிலத்தில் முடித்து அனுப்பினேன். மறுநாள் அந்த அலுவலகத்துப் பெண் போன் செய்து, எனக்கு வீட்டில் யாராலாவது தொந்தரவு இருக்கிறதா என்று இறங்கிய குரலில் விசாரித்தாள். இல்லை, எங்கள் ஊரில் விண்ணப்பம் அப்படித்தான் எழுதுவோம் என்றேன். அனுமதி மூன்றே நாளில் வந்துவிட்டது. சண்டை போட வாய்ப்பே தராத அரசாங்கத்தோடு எப்படி வாழ்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நாலு மணிக்குப் பள்ளி பஸ் வரும். நாலு பத்துக்கு இனியா கராஜுக்குள் வந்து மேசையோரம் நின்று அன்றைய செய்திகளைச் சொல்வாள். ஒரு வாக்கியத்தில் 'தாத்தா' மட்டும் தமிழாக இருக்கும். மற்ற நேரம் மேலே தன் அறையில் இருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் "இன் எ மினிட்" என்பாள். நாள் முழுவதும் அந்த ஒரு நிமிஷத்திலேயே இருப்பாள். ஆக, என் பேத்தியோடு எனக்கு இருக்கும் மொத்த உறவும் நாலு பத்திலிருந்து நாலரை வரை, மரத்தூள் வாசனைக்கு நடுவில். மெஷின் போனால் அதுவும் போகும். இதைத் தேன்மொழியிடம் சொல்லவில்லை. நோட்டீசுக்கான பதிலில் சொந்த விஷயம் சேர்க்கக் கூடாது.

3

தூசியை அளக்க ஒரு மீட்டர் வாங்கினேன். உள்ளங்கை அளவு. நம் அலுவலகத்தில் இதே வேலையைச் செய்த கருவியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், கையெழுத்துப் போட மூன்று பேர். கண்ணுக்குத் தெரியும் மரத்தூள் அத்தனை ஆபத்து இல்லை. அது தும்மலோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் மணிக்கணக்காகக் காற்றில் மிதந்து, நுரையீரலின் அடி வரை போகும். இந்த மீட்டர் அதைத்தான் காட்டும்.

முதல் நாள் பழகிப் பார்க்க, சுத்தமான இடம் என்று நம்பிச் சமையலறையில் வைத்தேன். தேன்மொழி சாம்பாருக்குத் தாளித்தாள். மீட்டர் பன்னிரண்டிலிருந்து நூற்றெண்பதுக்கு ஏறியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிர்த் தரப்பிலேயே பெரிய குற்றவாளி.

"சாம்பாரையும் மூடி சீல் வச்சிடலாமாப்பா?" என்றாள்.

அந்த வாதத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

மெஷினின் அடியிலிருந்து தூசியை உறிஞ்சும் குழாயின் வாயில் ஊதுபத்தியைக் காட்டினேன். புகை வளையாமல் நேராக உள்ளே போனது. நல்ல இழுவிசை. பிறகு முறையான சோதனைக்கு நாள் குறித்தேன்: சனிக்கிழமை காலை பத்து மணி. வெள்ளிக்கிழமை கராஜைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, உறிஞ்சியின் பையை மாற்றி, சமையலறைக் கதவின் இடுக்குகளில் டேப் ஒட்டினேன். சனிக்கிழமை பத்து மணிக்குப் புதிதாக வாங்கிய பைன் பலகையில் பத்து வெட்டு. அறுக்கும் முன் கராஜில் ஒன்பது. அறுத்து முடித்ததும் பதினாலு. சமையலறையில் மாற்றமே இல்லை.

மூன்று பக்க அறிக்கை. கருவியின் விவரம், அளந்த உயரம், வெட்டுகளின் எண்ணிக்கை, முடிவு: வரம்புக்கு உட்பட்டது. தேன்மொழி நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"சரிப்பா" என்றாள். பிரகாஷிடம் திரும்பி, "எங்கப்பா நம்பர்ல பொய் சொல்லமாட்டாருங்க. அப்ப வேற எதனாலயோதான் இழுக்குது. கார்ப்பெட்டை மாத்திப் பாக்கலாம்" என்றாள்.

கார்ப்பெட் வாயில்லாப் பிராணி. அது எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை.

4

வெற்றியை யாரிடமாவது சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை ஜமால் பாய்க்கு வீடியோ போன் போட்டேன். தருமபுரியில் பென்னாகரம் ரோட்டில் கதவு, ஜன்னல், கட்டில் செய்யும் பெரிய பட்டறை அவருடையது. இருபது வருஷம் நான் சோதனையிட்ட இடம். ஒரு தடவைகூட அங்கே நோட்டீஸ் கொடுக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாவட்டத்திலேயே சுத்தமான பட்டறை என்று என் கைப்படக் குறிப்பெழுதியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் நண்பர்களானதற்கு அந்தக் குறிப்புதான் அடித்தளம்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "எப்ப சார் அளந்தீங்க?" என்றார்.

"சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு."

"அதுக்கு முன்னாடி கூட்டினீங்களா?"

"கூட்டாம எப்படி பாய் அளக்கறது?"

பாய் சிரிக்க ஆரம்பித்தார். போன் ஆடி, அவர் வீட்டு ஃபேன் தெரிந்தது, சுவர் தெரிந்தது, மறுபடி அவர் முகம் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாங்களும் அதத்தான் சார் செஞ்சோம்."

"எதை பாய்?" என்றேன்.

"நீங்க வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி லெட்டர் போடுவீங்கள்ல, இந்தத் தேதில வர்றோம், ரிஜிஸ்டரெல்லாம் ரெடியா வச்சிருங்கன்னு. லெட்டர் வந்துருச்சின்னா, செவ்வாக்கெழம சாண்டிங் செக்ஷனுக்குப் பூட்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற ஆளுங்க எல்லாத்தையும் வூட்டுக்கு அனுப்பிருவோம். புதன்கெழம பட்டறைய கழுவி விட்ருவோம். வியாழக்கெழம நீங்க வர்றப்ப ஒரே ஒரு ரம்பம் ஓடும். அதுவும் பச்ச மாமரம். பச்ச மரத்துல எங்க சார் தூசி பறக்கும்?"

"பூட்டின ரூம் என்னன்னு நான் கேட்டேனே பாய்."

"கேட்டீங்க. மரம் அடுக்கற ரூம்னு சொன்னோம். எழுதிக்கிட்டீங்க."

எழுதிக்கொண்டேன். இருபது வருஷம் ஒவ்வொரு வருஷமும் 'மரக் கிடங்கு, பூட்டப்பட்டுள்ளது' என்று என் கையாலேயே எழுதிக்கொண்டேன்.

"லெட்டர் போட்டுட்டு வர்றதுதான் எங்க வழக்கம்" என்றேன். "முதலாளி இருக்கணும், பதிவேடு இருக்கணும். சொல்லாம வந்து ஆள் இல்லைன்னு திரும்பிப் போனா டீசல் செலவுக்கு விளக்கம் கேப்பாங்க."

"நான் உங்களக் குத்தம் சொல்லலைங்க சார். நீங்க தங்கமான ஆளு. எங்ககிட்ட ஒரு டீ கூடக் குடிச்சதில்ல."

உண்மைதான். ஒரு டீ கூடக் குடிக்காத அதிகாரி என்று எனக்கு மாவட்டம் முழுக்கப் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. டீ குடிக்க உட்கார்ந்திருந்தால் ஒருவேளை அந்தக் கதவு திறப்பதைப் பார்த்திருப்பேன்.

5

அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது. கோப்பு முடிந்தது. முடிந்த கோப்பைத் திறக்க எந்த விதியும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் திங்கட்கிழமை மாலை இனியா மேசையோரம் நின்று தன் தோழியின் வெள்ளெலி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நடுவில் நிறுத்தி, தோளைத் தூக்கி ஒரு மூச்சு இழுத்துவிட்டுத் தொடர்ந்தாள். வெள்ளெலிக் கதை என் காதில் ஏறவில்லை.

ஒருவன் தன் மேலேயே திடீர்ச் சோதனை நடத்துவது எப்படி? நான் எப்போது வரப்போகிறேன் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நிர்வாக ரீதியில் இது பெரிய சிக்கல். கடைசியில் மீட்டரைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

"இதை எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க மாப்பிள்ளை. எந்த நாள், எந்த இடம்னு எங்கிட்ட சொல்லாதீங்க. அதுவே எல்லாத்தையும் பதிவு பண்ணிக்கும்."

"எதுக்குங்க மாமா? ரிப்போர்ட்தான் குடுத்துட்டீங்களே."

"அது நான் வரேன்னு சொல்லிட்டு வந்த ரிப்போர்ட்."

அவருக்கு அது புரியவில்லை. ஒளித்து வைப்பது மட்டும் மிகவும் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் கராஜுக்குள் போகும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு பணிவு தெரிந்தது.

மீட்டர் எங்கே இருக்கிறதென்று தெரியாததால் முதல் இரண்டு நாள் ஒழுங்காக நடந்துகொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து நானாக இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பிரகாஷ் கணினியில் வரைபடத்தைத் திறந்தார். அறுக்கும் நேரத்தில் கோடு லேசாக எழும்பி இறங்கியது. உறிஞ்சி தன் வேலையைச் செய்திருக்கிறது. இரண்டு மணிக்கு மேல் நான் உப்புத்தாள் மெஷினில் தேய்க்கும்போது எழும்பியது, இறங்கவில்லை. உறிஞ்சிக் குழாய் கையை இழுக்கிறதென்று அதைக் கழற்றிவிட்டுத் தேய்ப்பது என் வழக்கம். முகமூடி போட்டிருக்கிறேன் அல்லவா, எனக்கென்ன? அதற்கும் மேலே ஓர் உச்சம் இருந்தது. ஒரு நாள் இல்லை, ஒழுங்காக இருந்த இரண்டு நாளும் சேர்த்து, பள்ளி இருந்த நாலு நாளும். கோடு மலை மாதிரி ஏறி நாலு பத்துக்கு உச்சியைத் தொட்டது. அறுநூறு.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தொழில் அதுதானே. நாலு மணிக்கு உறிஞ்சியை அணைத்துவிடுவேன், அந்தச் சத்தத்தில் இனியா பேசுவது கேட்காது. முகமூடியைக் கழற்றிவிடுவேன், அதோடு பேசினால் அவள் சிரிப்பாள். குளிருக்கு இதமாக இருக்கட்டுமென்று சமையலறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். இதற்கெல்லாம் முன்னால், குழந்தை வருகிறாளே என்று துடைப்பத்தை எடுத்து இடத்தைச் சுத்தமாகக் கூட்டி வைப்பேன். அடியில் படிந்த நுண்தூசியை எல்லாம் கிளப்பிவிட்டு, நாள் முழுவதிலும் காற்று மிக மோசமாக இருக்கும் அந்த இருபது நிமிஷத்துக்குள் என் பேத்தியை வரவேற்று நிற்க வைத்திருக்கிறேன்.

பிரகாஷ் திரையை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "மாமா, நான் இதப் பாக்கலைன்னு வேணா வச்சுக்கலாங்களா?"

அவ்வளவு நல்ல மனிதர்களோடுதான் நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தேன்.

6

இரண்டாவது அறிக்கை ஒரே பக்கம். முடிவு: வரம்பை மீறியது. பரிந்துரை: உள்ளே தேய்ப்பு வேலை நிரந்தரமாக நிறுத்தப்பட வேண்டும், அறுப்பு வேலை, கராஜின் பெரிய வெளிக்கதவைத் திறந்து வைக்கக்கூடிய கோடை மாதங்களில் மட்டும், பள்ளி முடியும் நேரத்துக்குப் பட்டறை பூட்டியிருக்க வேண்டும். முந்தைய அறிக்கை ரத்து செய்யப்படுகிறது.

கால்கரியில் கோடை என்பது எத்தனை வாரம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தேன்மொழி படித்துவிட்டு, "மொத ரிப்போர்ட்டோட விட்டிருக்கலாமேப்பா. யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"கார்ப்பெட்டுக்குத் தெரியும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தாளை மடித்தாள். "கார்ப்பெட் ஆள் நாளைக்கு வர்றதா இருக்குது. வேணாம்னு சொல்லிடறேன்." சமையலறை வரை போனவள் திரும்பி வந்தாள். "உங்களுக்குப் பொழுது போகணுமேப்பா" என்றாள். அந்த வாக்கியத்தை எதிர்கொள்ள என்னிடம் படிவம் இல்லை.

மறுநாள் நாலு பத்துக்கு இனியா வந்து பூட்டைப் பார்த்தாள். கதவில் நான் தமிழில் எழுதி ஒட்டியிருந்த ஆணையையும் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறதென்று கேட்டாள். உள்ளே வரக் கூடாது, தாத்தாவும்தான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில், அப்படியானால் சிப்ஸ் எங்கே வைத்துச் சாப்பிடுவது என்றாள். அம்மா பார்க்காத இடம் வீட்டிலேயே அது ஒன்றுதானாம். இரண்டு வருஷமாக என்னோடு பேசத்தான் வருகிறாள் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது துணி துவைக்கும் அறையைப் பிடித்திருக்கிறாள். என்னையும் காவலுக்கு அழைக்கிறாள். போகிறேன். மூன்று வாரமாக மூச்சு இழுப்பு குறைந்திருக்கிறது.

7

பட்டறை மூடிய செய்தியை ஜமால் பாய்க்குச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"உங்க பட்டறைல தேய்ச்ச ஆளுங்கள்லாம் இப்ப எங்க பாய்?"

"நாலஞ்சு பேர் இருந்தாங்க சார். ரெண்டு பேர் இப்ப இல்ல. மாதையன் இருக்காரு, ஏரியூர்க்காரரு. மெஷின் புடிக்க முடியலைன்னு கேட்டுல வாச்மேனாப் போட்டிருக்கறேன். பேசறீங்களா?"

நான் யோசித்து முடிப்பதற்குள் போனை வாசல் கேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மெலிந்த மனிதர். நான் இருபது வருஷம் போய்வந்த பட்டறையில் வேலை செய்தவர். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. "தூசி இன்ஸ்பெக்டர் சாரு, கனடாவுல இருந்து பேசறாரு" என்று பாய் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றேன்.

"நல்லாருக்கீங்களாங் சார்?" உட்காரவில்லை. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். முகம் மலர்ந்திருந்தது. "உங்களப் பாத்ததில்லீங்களே தவுத்து... பேரு நல்லாத் தெரியுங்க. நீங்க வர்ற வாரம்... எங்களுக்கு மூணு நாளு லீவுங்க. மொதலாளி சம்பளம் புடிக்க மாட்டாரு. நான் ஊருக்குப் போயிருவேங்க. அந்த மூணு நாளும்... நெஞ்சு லேசா இருக்கும்."

"அப்படிங்களா" என்றேன்.

"ஆமாங் சார். வருசத்துக்கு ஒருக்காதான் வந்தீங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பிரியமாகத்தான் சொன்னார். "இன்னுங் கொஞ்சம்... அடிக்கடி வந்திருக்கலாங்க சார்."